மீன் என்னும் குறி

(காரைக்கால்மேட்டில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் குறி என்பதாம். தமிழில் இச்சொல்லுக்குப் பொருள் பல. அடையாளம் குறி, எய்பவன் நோக்கும் இலக்கும் குறி, வருவது இன்னதென்று உரைப்பதும் குறி. ஒரு சொல்லே இம்மூன்றையும் உணர்த்தி நிற்றல் தற்செயலன்று. மனிதன் ஓர் அடையாளத்தைக் கண்டால், அஃது எதனைச் சுட்டுகின்றது என்று வினவாது அமைகின்றானல்லன். சுட்டுவது கிடைத்தவுடன், அதனால் நாளை நமக்கு என்ன வரும் என்று அடுத்து வினவுகின்றான். இவ்விரண்டு வினாக்களுக்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றியே யான் சில கூற விரும்புகின்றேன்.

நம் குலத் தொழிலுக்கு உரிய சொல்லையே முதற்கண் எடுத்துக்கொள்வோம். மீன் என்றால் கடலில் நாம் பிடிப்பது. மீன் என்றால் வானத்தில் நாம் காண்பதும் அதுவே. பண்டைத் தமிழர் கோள்களைக் கோள்மீன் என்றும், இருபத்தேழு நட்சத்திரங்களை நாள்மீன் என்றும், கார்த்திகையை அறுமீன் என்றும், வடக்கே ஏழு முனிவராகச் சொல்லப்படும் கூட்டத்தை எழுமீன் என்றும் வழங்கினர். மின்னுதலின் மீன் ஆயிற்று என்பர் அறிஞர் சிலர். விடியற்காலத்தில் வலையை இழுக்கும்போது நீருக்குள் வெள்ளிபோற் பளிச்சிடும் கூட்டத்தையும், தலைக்குமேல் அணையப்போகும் கூட்டத்தையும் ஒருங்கே கண்ட கண்ணுக்கு இவ்விளக்கம் விளங்காமற் போகாது.

நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இரண்டாக வகுத்தனர். காரணம் காட்டக்கூடியது காரணப் பெயர். முன்னோர் இட்டு வழங்கியமையால் மட்டும் நிற்பது இடுகுறிப் பெயர். சொல்லின் பொருளுக்குரிய காரணம் எளிதிற் புலப்படாது என்னும் கருத்துத் தொல்காப்பியத்திலேயே உண்டு. ஐரோப்பாவில் சொசூர் என்னும் மொழியறிஞரின் விரிவுரைகள் 1916ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த பின்னர், சொல் ஓர் இடுகுறியே என்பதனைப் பெரும் புதுமையாகக் கொண்டாடினர். கொண்டாடட்டும், நம் பள்ளிப் பிள்ளைகள் அதனை இலக்கண வகுப்பில் உறங்கிக்கொண்டே படிக்கின்றனர்.

இப்பாகுபாடு சொற்களுக்கு மாத்திரமன்றி எல்லாக் குறிகளுக்கும் பொருந்தும். காற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாம் இட்ட பெயர்கள் எவ்வாறு பிறந்தனவாயினும், அக்காற்று வீசும்போது கடலில் நிகழ்வன காரணத்தோடு கூடியவை. நீரின் நிறம் மாறுதல், பறவைகள் ஓரிடத்தில் வட்டமிடுதல், மேகம் கறுத்துக் கீழ்வானில் அடைதல் ஆகிய எல்லாம் காரணக் குறிகள். புகையைக் கண்டு நெருப்பை அறிதல் போல இவற்றை அறிகின்றோம். துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டோ முற்றிலும் இடுகுறியே. பகலிற் கூம்பும் உருளையும், இரவிற் செவ்விளக்கும் வெள்விளக்குமாக ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிட்டு வைத்துள்ளனர். 1864ஆம் ஆண்டில் கல்கத்தாவைப் பெரும் புயல் அழித்தபின், 1865இல் அத்துறைமுகத்தில் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. கூம்புக்கும் புயலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் பத்தாம் எண் கூண்டு ஏறிற்று என்றால், நம் ஊரில் எழுத்தறியாத பாட்டியும் அடுப்பை அணைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளை எண்ணத் தொடங்குவாள்.

நிற்க. விண்மீன் எவ்வகைக் குறி? அது நமக்காக அங்கே இல்லை; நம்மோடு ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவும் இல்லை. ஆயினும் அதனைக் கொண்டு நம்மவர் கரை சேர்ந்தனர். எவ்வாறு எனிற் கூறுவேன்.

வடதுருவ மீன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றதோ அதுவே ஏறத்தாழ நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. காரைக்கால் 11 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் உள்ளது. கையை நேராக நீட்டி, முட்டியை மடக்கி அடிவானத்தின்மேல் வைத்தால் அம்முட்டியின் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. எனவே நம் கடற்கரையில் நின்று வடக்கே பார்ப்பவனுக்கு அத்துருவ மீன் ஒரு முட்டி உயரத்திற்குச் சற்றே மேலாகத் தோன்றும். சென்னைக்கு நேராகச் சென்றுவிட்டால் அதற்கும் மேலாக ஒரு பெருவிரல் அகலம் ஏறும். தெற்கே யாழ்ப்பாணத்திற்கு இறங்கினால் முட்டிக்குள்ளேயே மறையும். இந்தக் கணக்கைக் கையோடு வைத்திருந்தவன் கரை தெரியாத நடுக்கடலிலும் தன் ஊரின் நேருக்கு வந்துவிட்டானா இல்லையா என்று அறிவான்; அறிந்தபின் மேற்கே திரும்புவதே வேலை.

இதற்கென ஒரு கருவியும் இருந்தது. சோழமண்டலக் கரையின் மாலுமிகள் வைத்திருந்த சிறு பலகை அது. இராப்பலகை என்பது பெயர். பலகையின் நடுவிலிருந்து ஒரு கயிறு. கயிற்றிற் பல முடிச்சுக்கள். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ மீனையும் தொடும்படி பிடித்து, கயிற்றை முகத்தோடு சேர்த்து, எந்த முடிச்சிற் பொருந்துகின்றது என்று பார்ப்பர். ஒவ்வொரு முடிச்சும் கரையிலுள்ள ஓர் ஊரைக் குறிக்கும். காங்கிரீவ் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி இதனைக் கண்டு வியந்து 1850ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து வெளிவந்த ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் எழுதி வைத்தார். அராபிய மாலுமிகளும் இத்தகைய கருவியையே கையாண்டனர். யார் யாரிடம் கற்றனர் என்னும் வழக்கில் யான் இப்போது புகவில்லை. கடலில் எதிரெதிரே சென்றவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்காமல் இருந்தால்தான் வியப்பு.

அன்பர்களே! இங்கே ஒன்றை ஊன்றி நோக்குங்கள். அக்கயிற்றில் முடிச்சிட்டவன் தவறாக இட்டால் என்ன நிகழும்? கோடிக்கரை என்று எண்ணி வேறு எங்கோ இறங்குவான். அல்லது இறங்கவே மாட்டான். மீண்டு வந்தவன் முடிச்சை அவிழ்த்துத் திருத்துவான். ஒவ்வோர் இரவும் கடல் அக்குறியைச் சோதித்தது. தவறிய குறியைக் கடல் பொறுத்துக்கொள்ளவில்லை. நம் முன்னோர் வானத்தைப் படித்த படிப்பு இவ்வாறு உயிரைப் பணயமாக வைத்துத் திருத்தித் திருத்திப் பெற்ற படிப்பு. விரும்பியபடி பொருள் கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை.

இன்று செயற்கைக்கோளைக் கொண்டு இடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி படகில் இருக்கின்றது. அது நல்லதே, அதனை வேண்டா என்பவன் கடலுக்குப் போகாதவனாகத்தான் இருப்பான். ஆனால் பெரியவர்கள் இரவில் வானத்தைக் காட்டிச் சொன்ன பெயர்கள் அவர்களோடு போகின்றன. விடிவெள்ளியையும் ஆறாமீனையும் அறிந்த பிள்ளைகள் இன்னும் உளர். அவற்றிற்கு அப்பால் கேட்டால் வகுப்பில் ஒரு கையும் உயர்வதில்லை. மண்டபத்தூர் முதல் வாஞ்சூர் வரை நம் ஊர்களில் எண்பது வயதைக் கடந்தோர் உள்ளபோதே அப்பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டும். சங்கம் இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு இளைஞர்களும் கொடுத்தாற் போதும்.

காரணக் குறியாயினும் அதனைச் சொல்லி வைத்த மரபு இல்லையேல் ஊமையாகிவிடும் என்பதற்குச் சான்று, நாம் ஒருவரும் மறவாத 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள். அன்று காலையில் நம் ஊர் பட்ட பாட்டை யான் விரித்துரைக்கப் போவதில்லை. இங்கே அமர்ந்திருப்போரில் அதனைக் கேட்கும் வலிமை உடையோர் சிலரே. வேறோர் ஊரின் செய்தியைச் சொல்லுகின்றேன். சுமத்திராவுக்கு மேற்கே சிமெயுலு என்றொரு தீவு. நிலநடுக்கம் பிறந்த இடத்திற்கு மிக அணுக்கமானது. அங்கே 1907ஆம் ஆண்டில் ஒரு பேரலை வந்து மக்களை வாரிக்கொண்டு போயிற்று. தப்பினவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயரிட்டு, நிலம் பலமாக அசைந்து கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடுக என்று கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். தொண்ணூற்றேழு ஆண்டுகளுக்குப் பிறகு கடல் பின்வாங்கியது. ஏறத்தாழ எழுபத்தெண்ணாயிரம் பேர் வாழ்ந்த அத்தீவில் அலையால் இறந்தோர் ஏழு பேர். நம் கரைக்கு அத்தகைய நிலநடுக்கமும் இல்லை. கடல் முதலில் உள்வாங்கவும் இல்லை. நீர் ஏறியே வந்தது. நமக்கு முன்னதாக ஒரு குறியும் கிட்டவில்லை. கிட்டியிருந்தாலும் அதனைப் படிக்க ஒரு சொல் நம்மிடம் இருந்ததில்லை. வந்தபிறகே சுனாமி என்னும் ஜப்பானியச் சொல்லைக் கற்றோம். 2007ஆம் ஆண்டு முதல் ஹைதராபாதில் எச்சரிக்கை நிலையம் இயங்குகின்றது. அது அனுப்பும் செய்தி நமக்கு இன்னோர் இடுகுறி.

இனி, நம் இளைஞர் சிலர் மிக ஆர்வத்தோடு கொண்டுவந்த ஒரு யோசனையைப் பற்றிப் பேச வேண்டியவனாக இருக்கின்றேன். சிந்துவெளி முத்திரைகளிற் காணப்படும் மீன் வடிவத்தை நம் மாத வெளியீட்டின் முகப்பில் அச்சிட்டு, 'ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடைய நம் குலச் சின்னம்' என்று கீழே எழுத வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

அம்முத்திரைகளின் வரலாறு சுவையுடையது. ஹரப்பா, மொகஞ்சதாரோ நாகரிகத்தை 1924ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தார். அம்முத்திரைகளில் மீன் வடிவம் அடிக்கடி வருகின்றது. பம்பாயில் வாழ்ந்த ஸ்பானியப் பாதிரியார் ஹீராஸ், இது திராவிட மொழியில் மீன் என்று படிக்கப்பட்டு விண்மீனைச் சுட்டும் என்றார். பின்லாந்து நாட்டு அறிஞர் அஸ்கோ பர்ப்போலா இதனை மேலும் விரித்து, மீனுக்கு முன் ஆறு கோடுகள் இருந்தால் அறுமீன், ஏழு கோடுகள் இருந்தால் எழுமீன் என்று காட்டினார். நம் ஐராவதம் மகாதேவன் 1977ஆம் ஆண்டில் அவ்வெழுத்துக்களை எல்லாம் தொகுத்து அடைவு செய்து பெரும் பணி புரிந்தார். நமக்கு அண்மையில் மயிலாடுதுறையை அடுத்த செம்பியன் கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் தம் தோட்டத்தில் குழி தோண்டியபோது கிடைத்த கற்கோடரியில் சிந்துவெளிக் குறிகள் நான்கு உள்ளன என்று அவர் 2006இல் கூறியதும், அதனைப் பிறர் ஐயுற்றதும் உங்களுட் சிலர் அறிந்தவையே.

தமிழ் படித்தவன் இதனைக் கேட்டு மகிழாதிருக்க முடியுமா? யானும் மகிழ்ந்தேன். உலகத்திலேயே மீனுக்கும் விண்மீனுக்கும் ஒரு பெயர் இட்ட மொழியின் மக்கள் அந்த முத்திரையைச் செதுக்கினர் என்றால், அதிற் பாதிப் பெருமை படகுக்காரனுக்கு அன்றோ? ஆயினும் கடல் கற்பித்த பாடத்தை இங்கேயும் கேட்க வேண்டும்: இக்குறியைச் சோதித்தது எது? எகிப்திய எழுத்தை, நம் காரைக்காலை ஆண்ட அதே பிரெஞ்சு நாட்டவராகிய ஷம்போலியோன் 1822இல் படித்தார். ஒரே செய்தியைக் கிரேக்கத்திலும் எகிப்திய மொழியிலும் பொறித்த ரொசெட்டாக் கல் அவர்க்குத் துணை நின்றது. தவறாகப் படித்தால் கல் காட்டிக்கொடுத்துவிடும். சிந்துவெளிக்கு அத்தகைய கல் இதுவரை கிட்டவில்லை. வாசகங்களோ மிகக் குறியவை. சராசரியாக ஐந்து குறிகள். 2004ஆம் ஆண்டில் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்சல் என்னும் மூவர் அது மொழியை எழுதும் எழுத்தே அன்று என்றும் வாதித்தனர். தமிழ்நாட்டு அரசு 2025 ஜனவரியில் இதனைத் தெளிவாகப் படிப்போர்க்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலர் பரிசு அறிவித்ததே, அறிஞர் அனைவரும் ஒப்பும்படி ஒருவரும் இன்னும் படித்தாரல்லர் என்பதற்குப் போதிய சான்று.

ஆகவே முகப்பில் மீனைப் போடுங்கள், அழகாக இருக்கும். கீழேயுள்ள வாசகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஹீராஸும் பர்ப்போலாவும் கருதியது சரியேயாயினும், அம்முத்திரை காட்டுவது வானத்து மீன். தொழிலின் அடையாளமன்று, குலத்தின் அடையாளம் அதனினும் அன்று. இராப்பலகையையும் கயிற்றையும் முகப்பில் அச்சிட்டாலோ எவனும் நம்மை மறுக்க முடியாது.

சோதனைக்கு உட்படாத குறிகள் யாவும் தள்ளத்தக்கவை என்று யான் கூறுவதாக எண்ணிவிடாதீர்கள். மாசி மகத்தைக் கருதுங்கள். மாசித் திங்களில் முழுமதி மகம் என்னும் மீனோடு கூடுகின்றது. வானத்தில் நிகழ்வது அவ்வளவே. அந்நாளில் திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருளுகின்றார். பட்டினச்சேரி மக்கள் அவரை மாப்பிள்ளை என்று அழைத்து வரவேற்கின்றனர். தாயார் நம் குலத்துப் பெண் என்பது மரபு. உலகளந்தவனை மாப்பிள்ளை முறை சொல்லி அழைக்கும் உரிமையை ஒரு விண்மீன் நமக்கு ஆண்டுதோறும் பெற்றுத் தருகின்றது! பூம்புகாரைப் பாடிய பட்டினப்பாலையிலும், பரதவர் முழுமதி நாளில் கடலுக்குப் போகாது, சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வம் வணங்கிய செய்தி வருகின்றது. இவை நாம் கூடுவதற்கு நாம் இட்ட குறிகள். இவற்றால் எவரும் எதனையும் இழந்ததில்லை.

ஆனால் எல்லா மீனும் அவ்வாறு இல்லை. இப்போது யான் சொல்லப்போவது சிலர்க்குக் கசக்கும்.

நம் வெளியீட்டின் கடைசிப் பக்கங்களில் மணமகள் தேவை என்னும் விளம்பரங்கள் வருகின்றன. அவற்றுட் பலவற்றில் 'மூலம் நீங்கலாக' என்று ஒரு தொடர் காணப்படுகின்றது. மூல நட்சத்திரத்திற் பிறந்த பெண் மாமனார்க்கு ஆகாள் என்பது கொள்கை. நாள்மீன்கள் இருபத்தேழு, ஆகவே நம் ஊர்களிற் பிறக்கும் பெண்மக்களில் ஏறக்குறைய இருபத்தேழில் ஒருத்தி மூலத்திற் பிறக்கின்றாள். கணிதத்தில் எல்லாரையும் முந்திய ஒரு மாணவியை அறிவேன். மூன்று இடங்கள் வந்து, பெண்ணைக் கண்டு, மனம் நிறைந்து, நாளைக் கேட்டவுடன் திரும்பின. அவள் செய்த குற்றம், நிலவு தேளின் வாலைக் கடக்கும் நாளில் கண் விழித்ததே.

பழமொழியிற் பாடம் திரிந்துவிட்டது. அது 'பெண் மூலம்' அன்று, 'பின் மூலம்' என்று பண்டிதர் சிலர் அமைதி கூறுவர். யானும் பண்டிதன் என்னும் முறையிற் சொல்லுகின்றேன்: இவ்வமைதி பழியை நான்காம் பாதத்திற் பிறந்த குழந்தையின்மேல் தள்ளுகின்றதேயன்றித் தீர்க்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி பாடத்தைப் பற்றியதன்று. அம்மீனின் ஒளி நம் கண்ணை வந்து சேர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றது. 1739இல் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைத் தஞ்சை அரசரிடமிருந்து பெறுவதற்கு முன்னரே புறப்பட்ட ஒளி, இன்று பிறந்த குழந்தையின் வருங்கால மாமனாரைக் குறிவைத்து வருகின்றது என்றால் நம்பத் தகுமோ?

சோதித்துப் பார்த்தவர்களும் உளர். வானநூல் வல்ல ஜயந்த் நார்லிகரும் அவர்தம் கூட்டாளிகளும் மகாராஷ்டிரத்தில் மிகச் சிறந்த மாணவர்களின் ஜாதகங்களையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஜாதகங்களையும் கலந்து, ஜோதிடர் இருபத்தெழுவர்க்கு ஒவ்வொருவர்க்கும் நாற்பது வீதம் கொடுத்து, எது எவருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். சரியாகச் சொன்னது சராசரி 46 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்த்தாலும் ஐம்பது வருமே! முடிவு 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதனையும் நம்ப வேண்டா எனில், நம் சங்கத்திலேயே செய்து பார்க்கலாம். நம் ஊர்களில் கடந்த இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த திருமணங்களை எழுதி, மூலத்து மருமகள் புகுந்த வீடுகளையும் மற்ற வீடுகளையும் ஒப்பிட்டு, மாமனார் எத்தனை பேர் உளர், எத்தனை பேர் இலர் என்று எண்ணுங்கள். அதற்குத் துணிவார் உண்டோ? முடிச்சைத் திருத்தத் துணிந்த மரபில் வந்தவர்கள் அல்லமா நாம்?

இக்கணக்கு முடியுமளவும் 'மூலம் நீங்கலாக' என்னும் தொடர் உள்ள விளம்பரத்தை அச்சிடுவதில்லை என்று நிர்வாகக் குழுவார் இன்றே தீர்மானிக்க வேண்டுமென்று பணிவோடும் வற்புறுத்தியும் கேட்டுக்கொள்ளுகின்றேன். இதனால் விளம்பர வருமானம் குறையும் என்று பொருளாளர் அவர்கள் முகத்திலேயே தெரிகின்றது. சிறிது குறையத்தான் செய்யும்.

மூலம் எது என்று அறியாதார் பலர் இங்கு இருக்கலாம். ஆடி மாதத்து முதல் வாரத்தில், மேகமில்லாத இரவு பத்து மணியளவில், உங்கள் பெண்மக்களை அழைத்துக்கொண்டு கரைக்குச் செல்லுங்கள். கடல் இடக்கைப் பக்கம் இருக்குமாறு தெற்கு நோக்கி நில்லுங்கள். அடிவானுக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவே, செந்நிறமான கேட்டை மீனிலிருந்து இறங்கி வளைந்து மீண்டும் மேல்நோக்கி மடங்கும் ஒரு கொக்கி தெரியும். நம் தூண்டில் முள்ளின் வடிவம். கணக்கில் அது தனுசு ராசியிற் சேரினும் கண்ணுக்குத் தேளின் வால்தான். அந்நேரத்தில் தெற்கு எது என்று கடலில் இருப்பவனுக்குக் காட்டிக்கொண்டு நிற்பதும் அதுவே.